நூறாண்டு பழைய உடையில் ஒரு சீமாட்டி

கேள்வி: 1740-களில் இங்கிலாந்தில் வரையப்பட்டதாகக் குறிப்பிட்ட ஒரு சீமாட்டியின் உருவப்படத்தைப் புத்தகம் ஒன்றில் பார்த்தேன். லேஸ் கழுத்துப்பட்டையும் இறகு செருகிய அகன்ற தொப்பியும் அதற்கு நூறாண்டு முந்தியவையாகத் தெரிகின்றன. ஆண்டு தவறாக அச்சாகியிருக்குமா?

பதில்: ஆண்டு சரியாகவே இருக்கலாம், அந்த உடைதான் வேடம். 17-ஆம் நூற்றாண்டில் முதலாம் சார்லஸ் மன்னரின் அரசவை ஓவியராக இருந்த வான் டைக்கின் படங்களில் உள்ள உடைகள்மீது 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் செல்வர்களுக்குப் பெரும் மோகம் இருந்தது. அதிலும் பிரதமராக இருந்த ராபர்ட் வால்போலின் சேகரிப்பில் இருந்த ஒரு படம், கறுப்புப் பட்டுடையும் இறகுத் தொப்பியும் அணிந்த பெண்ணைக் காட்டுவது, பலருக்கு முன்மாதிரி ஆயிற்று. உண்மையில் அது ஓவியர் ரூபன்ஸ் தம் மனைவி ஹெலனாவை வரைந்தது. அன்று அதை வான் டைக்கின் கைவண்ணம் என்றே நம்பினார்கள். இப்போது அது லிஸ்பனில், குல்பெங்கியான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

லண்டனில் 1742-இல் திறக்கப்பட்ட ரானெலா பூங்காவிலும் பிற இடங்களிலும் நடந்த மாறுவேட விருந்துகளுக்கு இத்தகைய உடையைத் தைத்து அணிந்தவர்கள் உண்டு. ஆனால் படத்தில் அதை அணிந்திருக்கும் எல்லாருமே நேரில் அணிந்தவர்கள் அல்லர். ஆலன் ராம்சே, தாமஸ் ஹட்சன் போன்ற ஓவியர்கள் முகத்தை மட்டும் தாங்கள் தீட்டிவிட்டு, உடையைத் தீட்டும் பொறுப்பை ஜோசப் வான் ஆக்கன் என்ற கலைஞரிடம் விடுவது வழக்கம். அவர் 1749-இல் இறக்கும்வரை இது தொடர்ந்தது. வெவ்வேறு சீமாட்டிகள் ஏறத்தாழ ஒரே உடையில் நிற்பதன் காரணம் இதுவே. பட்டின் மினுமினுப்பை அவ்வளவு அழகாகத் தீட்டியவரின் பெயரைப் படத்தின் கீழே காண முடியாதது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

நடப்பு நாகரிகம் விரைவில் பழசாகிவிடும் என்பதால், காலத்தைக் காட்டாத உடையே உருவப்படத்துக்குக் கம்பீரம் தரும் என்றார் அந்நூற்றாண்டின் ஓவியர் ரெனால்ட்ஸ். அவர் காலத்து இன்னொரு ஓவியரான கெயின்ஸ்பரோவோ, தாம் வரைந்த டார்ட்மவுத் பிரபுவின் மனைவியின் படத்தில் சாயல் சரியாக வரவில்லை என்ற குறை எழுந்தபோது, வேட உடையே சாயலைக் கெடுத்தது என்று 1771-இல் பிரபுவுக்கு எழுதினார். அவர் சொன்னதே சரி என்று நினைக்கிறேன். நாம் ஒருவரை அறிவது முகத்தால் மட்டும் அல்லவே. ஆயினும் வான் டைக் பாணி உடையிலான புகழ்பெற்ற ‘நீலச் சிறுவன்’ படத்தை 1770-ஐ ஒட்டி வரைந்தவரும் அவரே.

நீங்கள் பார்த்த படத்தின் காலத்தை அறியத் தலைமுடியைக் கவனியுங்கள். உடையை இரவல் வாங்கிய சீமாட்டிகளும் கூந்தலைப் பெரும்பாலும் தங்கள் காலத்து வழக்கப்படியே வைத்துக்கொண்டார்கள். தலையோடு ஒட்டிப் படிந்திருந்தால் 1740-கள் பொருந்தும். கோபுரம்போல் உயர்ந்திருந்தால் 1770-கள்.