சங்காரக் கட்டளை: வாசகர் கேள்விகள்

கேள்வி: 1 சாமுவேல் 15:3இல், இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலிடம், பகை இனமான அமலேக்கியரின் பால்குடிக்கிற பிள்ளைகளைக்கூட விட்டுவைக்காதே என்கிறார் கடவுள். நீதியுள்ளவர் இப்படிச் சொல்வாரா? வேதபாட வகுப்பில் கேட்டால், 'கேள்வி கேட்காமல் விசுவாசி' என்கிறார்கள்.

பதில்: கேட்பது குற்றமென்றால் முதலில் மாட்டுகிறவர் ஆபிரகாம். சோதோமுக்காக வாதாடும்போது, "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கடவுளிடமே கேட்டவர் அவர் (ஆதியாகமம் 18:25).

1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள். 15:8இன்படி, ராஜாவான ஆகாகைத் தவிர எல்லாரையும் சவுல் சங்காரம் செய்துவிட்டார். ஆனால் 27:8இல் தாவீது மறுபடியும் அமலேக்கியர்மேல் படையெடுக்கிறார். 30ஆம் அதிகாரத்தில் அவர்கள் வந்து தாவீது தங்கியிருந்த சிக்லாகு ஊரைக் கொளுத்துகிறார்கள். தாவீது முறியடித்த பிறகும் 400 வாலிபர்கள் ஒட்டகம் ஏறித் தப்பிக்கிறார்கள். யோசுவா புத்தகத்திலும் இதே கதைதான். எப்ரோனிலும் தெபீரிலும் ஒருவரும் மீதியில்லை என்கிறது 10:36-39. 15:13-15இல் காலேப் அதே ஊர்களுக்குப் போய் அங்கிருப்பவர்களோடு மோதுகிறார்.

வெற்றியை இப்படி மிகைப்படுத்திச் சொல்வது அக்காலத்துப் போர்ப் பேச்சு. 1868இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது பாரீஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மோவாபிய மன்னன் மேசாவின் கல்வெட்டு (கி.மு. 9ஆம் நூற்றாண்டு), இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்துபோனது என்று முழங்குகிறது. அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் இஸ்ரவேல் ராஜ்யம் இருந்தது.

இதோடு சிக்கல் தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிகைப்பேச்சு என்று சொன்னால் செத்தவர்களின் எண்ணிக்கைதான் குறையும், கட்டளை அப்படியே நிற்கும். சவுல் தள்ளப்பட்டதே அதை அரைகுறையாகச் செய்ததற்காகத்தான். உயிரைக் கொடுத்தவருக்கு எடுக்கவும் உரிமை உண்டு என்பது பழைய விடை. வெள்ளத்துக்கோ கொள்ளைநோய்க்கோ அதைச் சொல்லிப் பார்க்கலாம். மனிதன் கையில் வாளைக் கொடுக்கும் இடத்தில் அது தடுமாறுகிறது. மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் ஓரிகன், யோசுவாவின் போர்களை மனத்துக்குள் இருக்கும் பாவங்களோடு நடக்கும் போராகப் படித்தார். பிரசங்கத்துக்கு உதவும், ஆனால் செத்த குழந்தைக்கு அது பதிலாகாது.

எங்களுக்குச் சரியாகப் படுவது, வேதத்தை வேதத்தைக்கொண்டே உரசிப் பார்ப்பது. அமலேக்கியரின் முன்னோர் இஸ்ரவேலை வழிமறித்ததற்கே இந்தத் தண்டனை என்கிறது 1 சாமுவேல் 15:2. பிதாக்களுக்காகப் பிள்ளைகள் கொலைசெய்யப்படக் கூடாது என்கிறது உபாகமம் 24:16. அது நீதிமன்றத்துக்கான சட்டம்தானே என்று சிலர் தட்டிக்கழிப்பார்கள். எசேக்கியேல் 18:20 கடவுளின் தீர்ப்புக்கே அந்த அளவுகோலை வைக்கிறது. இரண்டு குரல்களும் ஒரே வேதத்துக்குள் இருக்கின்றன. கடவுளின் நீதியைப் பற்றி அந்த மக்களின் புரிதல் வளர்ந்தது என்று ஏற்றுக்கொண்டால்தான் இரண்டையும் மழுப்பாமல் வாசிக்க முடியும். 'எது முதிர்ந்த குரல் என்று முடிவுசெய்ய நீங்கள் யார்?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் மற்ற விடைகளைச் சொல்கிறவர்களும் ஏதோ ஒரு குரலைத் தேர்ந்தெடுத்துத்தான் பேசுகிறார்கள்.

கேள்வி: பேசாமல் பழைய ஏற்பாட்டை ஒதுக்கிவிட்டால் என்ன?

பதில்: இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவப் போதகர் மார்சியன் அதைத்தான் செய்தார்; கி.பி. 144இல் ரோம் சபை அவரை விலக்கியது. 'உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக' என்பது லேவியராகமம் 19:18. அதுவும் சேர்ந்து போய்விடும். வெளிப்படுத்தின விசேஷம் 19ஆம் அதிகாரத்தின் ரத்தமோ புதிய ஏற்பாட்டிலேயே இருக்கும்.

கேள்வி: இன்றைய எதிரிகளை 'அமலேக்கியர்' என்று சிலர் மேடையில் பேசுகிறார்களே, சரியா?

பதில்: தவறு. அசீரிய மன்னன் சனகெரிப் இனங்களையெல்லாம் கலந்துவிட்டான், ஆகையால் பழைய இனத்தடைகளை இன்று யார்மேலும் சுமத்த முடியாது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே விவாதம் உண்டு. 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் இன்னும் ஒரு படி மேலே போய், அமலேக்கியரானாலும் முதலில் சமாதானம் பேச வேண்டும், ஏற்றுக்கொண்டால் கொல்லக் கூடாது என்று சட்டமாகவே எழுதினார். மேடையில் பேசுகிறவரிடம் இந்தச் சட்டத்தை எடுத்துக் காட்டுங்கள்.