"நேத்து ஏன் காணோம்"னு கேக்க ஒரு ஆள் வேணும்

கேள்வி: வயசு 61, ரிட்டயர் ஆகி ஒரு வருஷம், வீட்ல நான் மட்டும்தான். ஃபோன்ல 600 நம்பர் இருக்கு, சும்மா கூப்பிட்டு பேச ஒருத்தர் இல்ல. ஆன்லைன்ல ஒரு நட்பு கிளப், மாசாமாசம் பணம் கட்டுனா ஃப்ரெண்ட்ஸ் அறிமுகம் பண்ணி வைப்பாங்களாம். சேரலாமா?

பதில்: சேராதீங்க சார். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

உயிர் நண்பன் ஒருத்தன் கெடைச்சாதான் இது தீரும்னு நெனைக்கிறீங்க. இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது, ஒரு நாள் நீங்க வரலைன்னா "நேத்து ஏன் சார் காணோம்"னு கேக்குற ஒரு ஆள், அவ்ளோதான். ஆபீஸ் போனப்ப லிஃப்ட்ல ஒரு தலையாட்டல், நீங்க கொட்டாவி விட்டா பக்கத்து சீட்லேந்து "என்ன, தூங்கலயா", இதெல்லாம் பேச்சுன்னே நீங்க கணக்குல வச்சிருக்க மாட்டீங்க, ரிட்டயர் ஆன அன்னைக்கு மொத்தமா போச்சு. அறிமுகம் மட்டும் உள்ளவங்களோட வழக்கத்தவிட அதிகமா பேசுற நாள்ல மனசு லேசா இருக்குன்னு 2014-ல சாண்ட்ஸ்ட்ரம், டன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்காங்க.

அதனால பார்க்கோ லைப்ரரியோ, ஒரே இடம், ஒரே நேரம், வாரத்துல 5 நாள். மொத வாரம் பேசவே வேணாம், மூஞ்சி பழகட்டும். அப்புறம் "எப்படி இருக்கீங்க"னு ஆரம்பிக்காதீங்க, "நல்லாருக்கேன்"னு முடிஞ்சிரும். கண்ணு முன்னாடி இருக்குறத கேளுங்க, "முட்டிக்கு பெல்ட் போட்டா வலி கொறையுதா சார்?"னு. முட்டிவலிய பத்தி கேட்டா ஒத்த வார்த்தைல நிறுத்துன மனுஷன நான் இன்னும் பாக்கல. வீட்டுக்கு வந்து "அசடு வழிஞ்சுட்டமோ"ன்னு தோணும், தோணட்டும், நாம நெனைக்கிறதவிட எதிராளிக்கு நம்மள பிடிச்சுத்தான் இருக்குன்னு 2018-ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஆனா அவசரம் ஆகாது. அறிமுகம் சாதாரண நட்பாக சுமார் 50 மணி நேரம் ஆகும்னு ஜெஃப்ரி ஹால்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் கணக்கு போட்டாரு, தினம் கால் மணி நேரம்னா 200 நாள்.

இப்ப அந்த கிளப். 200 நாள் ஆகுறத ரெண்டு நாள்ல தர்றேன்னு சொல்றவன் ஏதோ ஒண்ண விக்கிறான். தனியா இருக்கவங்கள மோப்பம் பிடிக்கவே ஒரு கூட்டம் இருக்கு சார். மூணாவது நாளே "நம்ம தனி நம்பர்ல பேசலாம்"பாங்க, தினம் காலைல குட்மார்னிங் வரும், "நம்ம விஷயம் யாருக்கும் தெரிய வேணாம்"பாங்க, அப்புறம் ஒரு ஆஸ்பத்திரி அவசரம் இல்லன்னா நல்ல லாபம் வர்ற முதலீடு. யாருக்கும் சொல்லாதீங்கன்னு ஒருத்தர் சொன்னாலே அங்கயே கட் பண்ணிடுங்க. படிச்சவங்களும் இதுல மாட்டுறாங்க, வெக்கத்துல வெளிய சொல்லவும் மாட்டேங்குறாங்க.

ஒரே ஒரு விஷயம் மட்டும் செக் பண்ணுங்க, காது. சிரிக்காதீங்க. டிவி சத்தம் கூடுதா? நாலு பேர் பேசுற இடத்துல புரியாம சும்மா சிரிச்சு வைக்கிறீங்களா? ஃபோன்ல "என்ன, என்ன"னு கேட்டு கேட்டு அலுத்துப்போய் ஃபோன் பண்றதயே விட்டுட்டீங்களா? அப்போ தனிமை இல்ல பிரச்சன, காது கேக்கல, அதான் ஒதுங்குறீங்க. அப்படின்னா பார்க்குக்கு போய் பிரயோஜனம் இல்ல, மொதல்ல காது டாக்டர், செவித்திறன் டெஸ்ட், தேவைன்னா மெஷின். அத மாட்டிக்கிட்டு பழக சில வாரம் ஆகும், மொத நாளே இரைச்சலா இருக்குன்னு கழட்டி டிராயர்ல போட்டுடாதீங்க.

டாக்டர்ங்க தனிமைய பத்தி கேப்பாங்கன்னு எதிர்பாக்காதீங்க. பிரிட்டன்ல 2018-லயே தனிமைக்குன்னு அமைச்சர் போட்டாச்சு, உலகத்துல ஆறுல ஒருத்தருக்கு இது இருக்குன்னு உலக சுகாதார நிறுவனமே 2025-ல சொல்லியாச்சு, ஆனா தூக்கம் வரலைன்னு போனா இன்னமும் அஞ்சு நிமிஷத்துல மாத்திரை எழுதி அனுப்புறாங்க, "கடைசியா யார்கிட்ட பேசுனீங்க"ன்னு ஒரு கேள்வி வராது.

கிளப்புக்கு ஏற்கனவே கார்டு நம்பர் குடுத்திருந்தீங்கன்னா, ஆப்ப டெலீட் பண்ணா மட்டும் பணம் போறது நிக்காது, பேங்க்ல சொல்லி ஆட்டோ டெபிட்ட நிறுத்துங்க.