மேலே புதுத் தேதி, உள்ளே பழைய சரக்கு

கேள்வி: பாறசாலையில் ஒரு கடையில் 18,000 ரூபாய்க்குப் பழைய லேப்டாப் வாங்கினேன். உள்ளே இன்டெல் ஐ5, 7200யு சிப். விண்டோஸ் 11 ஏறும் என்று கடைக்காரர் தன் போனில் ஒரு கட்டுரையையும் காட்டினார். ஏறவில்லை. திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். கடை கேரளாவில், நான் தமிழ்நாட்டில். என்ன செய்ய, அண்ணாச்சி? (தையல் ஆசிரியை, களியக்காவிளை)

பதில்: கேட்டு விசாரித்துத்தானே வாங்கியிருக்கிறீர்கள், உங்கள் மேல் தப்பே இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 11 பட்டியலில் இந்தச் சிப் கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ‘11 ஏறும் என்று சொல்லி விற்றீர்கள்’ என்று கடைக்காரருக்கு இன்றே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். அவர் என்ன பதில் போட்டாலும் அழிக்காதீர்கள். பிறகு 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, கூப்பிடுங்கள். எல்லை ஒரு தடையே இல்லை. 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், அதாவது நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. பில் இருக்கிறதல்லவா?

கேள்வி: நல்ல விமர்சனம் பார்த்துத்தான் ரவுட்டர் வாங்கினேன். இப்போது அந்த மாடலே நின்றுபோனதாம். விமர்சனம் 2021-ல் எழுதியது. (மார்த்தாண்டம்)

பதில்: பால் கவரில் தேதி பார்ப்பீர்கள்தானே?

கேள்வி: யூஎஸ்பி 3.0-வை விட 3.2 வேகம் என்று ஒரு தளத்தில் போட்டிருக்கிறது. கூடுதல் காசு கொடுக்கலாமா? (குலசேகரம்)

பதில்: நான் கொடுத்தேன். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஹார்ட் டிஸ்க் போடும் பெட்டி ஒன்று, ‘3.2’ என்று கொட்டை எழுத்தில். வீட்டில் கண்ணாடி போட்டுப் பார்த்தால் பக்கத்திலேயே பொடியாக ‘ஜென் 1’. 2008-ல் 3.0 என்று வந்த அதே நொடிக்கு 5 ஜிகாபிட் வேகம்தான். 2013-ல் 3.1 ஜென் 1 ஆனது, 2017-ல் 3.2 ஜென் 1. பெயர்தான் மாறியது, வேகம் அப்படியே. எண்ணை விடுங்கள், எத்தனை ஜிகாபிட் என்று கேளுங்கள்.

எனக்கு வயிற்றெரிச்சல் இந்தத் தளங்கள் மேல்தான். பழைய கட்டுரையின் தலைப்பில் வருஷத்தை மட்டும் மாற்றி, புதுசு என்று விற்கிறார்கள். மீன்காரன் ஐஸ் மாற்றுகிற மாதிரி. விக்கிப்பீடியாவில் அந்த ஏமாற்று செல்லாது: ‘வரலாறு’ பக்கத்தைத் திறந்தால் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று கிடக்கும். ஆனால் நேற்று ஒருவர் காற்புள்ளி திருத்தியிருந்தாலும் அது ‘நேற்றைய திருத்தம்’தான். அதனால் நான் முதலில் அடிக்குறிப்புக்குப் போவேன். கடைசிச் சான்று 2019 என்றால் பக்கமும் 2019-தான். ஆங்கிலப் பக்கத்தையும் திறந்து பாருங்கள்; தமிழில் சில பக்கங்களை எழுதிய நாளோடு விட்டுவிட்டோம், நானும் அதில் ஒரு குற்றவாளி.

கேள்வி: கூகுளின் பிக்சல் 8 போனுக்கு ஏழு வருஷம் அப்டேட் வரும் என்று ஏஐ சொல்கிறது. இப்போது வாங்கினால் ஏழு வருஷம் ஓடும்தானே? (குழித்துறை)

பதில்: ஓடாது. அப்டேட் கணக்கு அது விற்பனைக்கு வந்த 2023 அக்டோபரிலிருந்து. 2030-ல் முடியும், நீங்கள் என்றைக்கு வாங்கினாலும்.