பச்சைக் களிம்பு எங்கே ஒளிகிறது?

கேள்வி: எங்கள் குத்துவிளக்கில் எண்ணெய் ஊற்றும் தகழிக்குக் கீழே பச்சையாகக் களிம்பு படிகிறது. எவ்வளவு துலக்கினாலும் திரும்ப வருகிறது. என்ன செய்ய?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: களிம்பின் இருப்பிடம், விளக்கின் பாகங்களை ஒன்றோடொன்று பூட்டும் திருகு மரை. அங்கே கசிந்து தேங்கிய எண்ணெய் புளித்து, பித்தளையில் உள்ள செம்பை அரிக்கிறது. பிரம்மாவாக பீடம், விஷ்ணுவாக தண்டு, ருத்திரனாக தகழி என்று வணங்கும் விளக்கை மேலே மட்டும் பளபளப்பாக்கினால் போதாது. உச்சி அன்னம் வரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் மரையைத் தேயுங்கள். புளி அதற்குப் பிறகுதான். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் அது பிடிக்காது. புளியோடு நெடுநேரம் ஊறவிடவும் கூடாது, துத்தநாகம் கரைந்து விளக்கு செம்பு நிறமாகிவிடும். கழுவி, துடைத்து, வெயிலில் ஈரம் போனபின் பூட்டுங்கள். மீந்த எண்ணெயை அன்றன்றே வடித்துவிடுங்கள்.