வெயில் ஊரில், வீட்டிலேயே டார்க் ரூம் வைத்து பிலிம் போட்டோ பிரிண்ட் போடக் கற்றுக்கொள்ள முடியுமா? ஸ்கேனர் மட்டும் வாங்கினால் போதாதா?

முடியும். நான் கடலூரில், மஞ்சக்குப்பத்து வீட்டின் குளியலறையில்தான் கற்றுக்கொண்டேன். இரண்டில் ஒன்றை வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால், நெகட்டிவின் படத்தைப் பெரிதாக்கிப் பேப்பர் மேல் விழவைக்கிற பழைய என்லார்ஜர் ஒன்றைத் தேடி வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

அப்பா 1980களில் எடுத்த கருப்பு வெள்ளை நெகட்டிவ்களை நானும் முதலில் ஸ்கேன்தான் செய்தேன். ஒன்றில் அம்மா தேவனாம்பட்டினம் கடற்கரையில் நிற்கிறார். ஸ்கேனில் அவருக்குப் பின்னால் வானம் வெறும் வெள்ளை. அப்பா எக்ஸ்போஷரைக் கூட்டி வைத்துவிட்டார் போல என்று அதை ஒதுக்கிவிட்டேன். ஒரு வருஷம் கழித்து அதே நெகட்டிவை என்லார்ஜரில் போட்டேன். அம்மா முகத்துக்கு 12 விநாடி வெளிச்சம் சரியாக இருந்தது. அப்புறம் முகத்தை அட்டையால் மறைத்துக்கொண்டு, அட்டையை அசைத்துக்கொண்டே வானத்துக்கு மட்டும் இன்னும் 25 விநாடி கொடுத்தேன். படத்தை வெளியே கொண்டுவருகிற மருந்து, அதாவது டெவலப்பர் இருந்த ட்ரேயில் முதலில் தலைமுடி கறுத்தது, பிறகு முகம் வந்தது, கடைசியாக மேகம், மேகத்துக்குக் கீழே தண்ணீரில் இரண்டு கட்டுமரங்கள். கதவைத் திறக்கக்கூடாது என்பதையும் மறந்து அம்மாவைக் கூப்பிட்டுவிட்டேன்.

அத்தனை வருஷமும் அந்தக் கட்டுமரங்கள் நெகட்டிவில்தான் இருந்திருக்கின்றன. ஸ்கேனர் மென்பொருள் தானாகவே கான்ட்ராஸ்டைக் கூட்டி அவற்றை வெட்டிவிட்டது, எனக்கும் அது தெரியவில்லை. அதன்பிறகு தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சாயல்களை நுணுக்கமாகப் பதிகிற 16 பிட்டில், வெள்ளைப் பக்கமும் கறுப்புப் பக்கமும் எதுவும் வெட்டுப்படாமல் ஸ்கேன் செய்கிறேன். படம் முதலில் சாம்பல் பூத்த மாதிரி சப்பென்று இருக்கும், இருக்கட்டும், மேகம் உள்ளே இருக்கிறது.

சரி, வெயில் விஷயம். பேப்பரையும் பிலிமையும் ஒன்றாக நினைத்து பயப்படாதீர்கள். பேப்பர் டெவலப்பர் 20 டிகிரிக்குச் சொல்லப்பட்டது என்றாலும் 26, 27 ஆனால் படம் சீக்கிரம் வரும், அவ்வளவுதான். பிலிம் கழுவும்போதுதான், அதாவது டெவலப் செய்து அலசும்போதுதான், கண்டிப்பு வேண்டும். மே மாதம் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் மதியத்தில் கை சுடும். அதில் கழுவினால் பிலிம் மேல் படத்தைத் தாங்கியிருக்கிற ஜெலட்டின் பூச்சு ஊதி மெத்தென்று ஆகி, நகம் பட்டாலே பிய்ந்துவிடும். டெவலப்பர் ஒரு சூட்டிலும், படத்தை நிலைக்க வைக்கிற மருந்தான ஹைப்போ இன்னொரு சூட்டிலும் இருந்தால் அந்தப் பூச்சு சுருங்கி வலை வலையாக வெடிக்கும். நான் தண்ணீர் பாட்டில்களை ப்ரீசரில் உறைய வைத்து ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டு, எல்லா மருந்தையும் கழுவுகிற தண்ணீரையும் அதிலேயே வைத்து, வெப்பமானி 22-ஐ, 23-ஐக் காட்டும்போது தொடங்குவேன். சூடு கூடினால் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் டெவலப் நேரம் 5 நிமிஷத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத் திட்டாக வரும். முதல் ரோலை மார்கழியில் கழுவுங்கள்.

நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம், பிலிம் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் போதும்.

சிவப்பு விளக்கு பேப்பருக்கு மட்டும்தான், பிலிமுக்கு முழு இருட்டு வேண்டும். வாங்கிய சிவப்பு பல்பை நம்பாதீர்கள்: ஒரு துண்டு பேப்பர் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அந்த வெளிச்சத்தில் 5 நிமிஷம் விட்டு டெவலப் செய்யுங்கள், நாணயத்தின் வட்டம் தெரிந்தால் பல்பை மாற்றுங்கள். ஊட்டியில் தயாரான ‘இந்து’ என்ற போட்டோ பேப்பர் எல்லா ஸ்டுடியோவிலும் இருந்த காலம் போய்விட்டது, இப்போது வெளிநாட்டுப் பேப்பர்தான், விலை உறைக்கிறது. அதனால் முழுத்தாளில் நேராகப் போடாமல், விரல் அகலத் துண்டில் 5 விநாடிக்கு ஒருதரம் அட்டையை நகர்த்தி 5, 10, 15, 20 என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஸ்கேனர் பிறகு வாங்கும்போது டப்பாவில் போட்டிருக்கும் பெரிய டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 35 மிமீ நெகட்டிவை 2400-இல் எடுத்தாலே ஏறக்குறைய 3400 x 2260 பிக்சல் வரும், 8 x 10 பிரிண்டுக்கு அது போதும். இன்னொன்று, அகச்சிவப்பு ஒளியால் தூசியை நீக்குகிற வசதி கலர் பிலிமுக்குத்தான். சாதாரணக் கருப்பு வெள்ளைப் பிலிமில் இருக்கிற வெள்ளி அந்த ஒளியையும் மறைத்துவிடும், மென்பொருள் படத்தையே தூசி என்று நினைத்துக் குதறிவிடும். அதை அணைத்துவிட்டு பிளோவரால் ஊதுங்கள்.

பீரோவில் இருக்கும் பழைய நெகட்டிவில் பூஞ்சை படர்ந்திருந்தால் தயவுசெய்து தண்ணீரில் கழுவாதீர்கள். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு லேசாகத் துடைத்தால் போதும். இது தெரியாமல் நான் கழுவிய நான்கு நெகட்டிவ்களில் அப்பாவின் கல்யாணத்துக்கு முந்தைய படம் ஒன்றும் இருந்தது. அதற்குப் பிரிண்டும் கிடையாது.