தெற்கே பார்த்த குழாய்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப்பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். பேச்சுப்போட்டிக்கு ஒரு மாணவனைத் தயார்செய்வதற்காக மார்ட்டின் லூதர் கிங் 1963இல் பேசியதையும், ஒபாமா 2008இல் பிலடெல்பியாவில் பேசியதையும் யூடியூபில் கேட்டேன். கண் கலங்கிவிட்டது. நிறத்தால் பிளந்து கிடந்த தேசத்தை ஒரு பேச்சு ஒட்டவைத்துவிடுகிறது. நம்மிடம் ஏன் அப்படிப் பேச ஆளில்லை? அந்தப் பையனுக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பது?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று, மாமாவின் பழைய ஆம்ப்ளிஃபயரைப் பேரீச்சம்பழத்துக்குப் போடலாமா என்று எங்கள் வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கண் கலங்கியது நல்லதுதான். கலங்கத் தெரிந்த வாத்தியார் கிடைக்கப் பிள்ளைகள் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆனால் 17 நிமிடத்தையும் கேட்டீர்களா? 'எனக்கொரு கனவு உண்டு' என்பது கடைசியில்தான் வருகிறது. முதல் பாதியில் கிங், கடன் கொடுத்தவன் வசூலுக்கு வந்து வாசலில் நிற்பதுபோல நிற்கிறார். அமெரிக்கா கறுப்பர்களுக்குக் கொடுத்த காசோலை, கணக்கில் பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது என்கிறார். அதை விட்டுவிட்டுக் கனவை மட்டும் நெட்டுரு போடவைத்தால் பையன் கோப்பை வாங்கி வருவான், அவ்வளவுதான். ஒட்டவைத்ததாம்! 18 நாள் கழித்து பர்மிங்ஹாமில் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள்.

ஆளில்லை என்கிறீர்கள். கர்நாடகத்திலிருந்து வந்த கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ், 1940களில் உங்கள் பக்கத்துச் சேரிகளில்தான், பண்ணையார்கள் கூலியாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகப் பேசினார். தமிழ் அவருக்குத் தாய்மொழிகூட இல்லை. மன்னார்குடித் தமிழாசிரியருக்கே இது ஞாபகம் வரவில்லை என்றால் யாரை நோவது? ஒபாமா இருக்கட்டும், பிறகு பார்ப்போம்.

நான் சொல்ல வந்தது மைக் செட்டைப் பற்றி. கிங் பேசிய அன்று, 1963 ஆகஸ்ட் 28இல், வாஷிங்டனில் கூடியவர்கள் சுமார் 2,50,000 பேர். ஏற்பாடுகளைக் கவனித்த பேயார்ட் ரஸ்டின், கடைசி ஆள்வரை காதில் விழ வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று உயர்தர ஒலிபெருக்கியாக வரவழைத்தார். காதில் விழாத கூட்டம் கட்டுக்குள் நிற்காது என்பது அவர் கணக்கு. கூட்டத்துக்கு முன்பே யாரோ அதை நாசம் செய்துவிட்டார்கள். அரசாங்கத்தை உலுக்கிய பிறகு, ராணுவத்தின் சிக்னல் பிரிவு வந்து ராவோடு ராவாகச் சரிசெய்தது. அந்த ராத்திரிக்கு யாரும் பேச்சுப்போட்டி வைப்பதில்லை. உங்கள் பையனை முதலில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து கேட்டுப்பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் மாமா பாமணி ஆற்றங்கரையில் மைக் செட் வைத்திருந்தார். கட்சிக் கூட்டம் என்றால் ஒலிபெருக்கிக் குழாய்களைக் கடைத்தெரு பார்த்தும் கோயில் பார்த்தும் கட்டுவதுதான் வழக்கம். வாய்க்காலுக்குத் தெற்கே காலனி. ஒருமுறை ஒற்றுமையைப் பற்றிப் பேச ஒரு தலைவர் வந்தார். மாமா தென்னையில் ஏறி ஒரு குழாயைத் தெற்கே பார்க்கக் கட்டினார்.

"அங்க எதுக்குடா குழாய்? வேணும்னா இங்க வந்து கேக்கட்டுமே" என்றார் ஊர்ப் பெரியவர்.

"வந்தா எங்கங்க நிப்பாங்க?" என்றார் மாமா மரத்தில் இருந்தபடியே. கட்டி முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

வாடகையில் 30 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அந்த 30 ரூபாயைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தலைவர் அன்றைக்கு என்ன பேசினார் என்று கேட்டால் மட்டும் அவருக்கு ஞாபகமில்லை.