மழைக்கு முன் வண்டி: கேட்டவையும் சொன்னவையும்

புரட்டாசி பிறந்தால் பைக் பட்டறையில் இரண்டு கூட்டம் சேரும். ஆயுத பூஜைக்கு வண்டியைப் பளபளப்பாக்க வருகிறவர்கள் ஒரு பக்கம், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் பிரேக், டயர், வயரிங் பார்த்துக்கொள்ள வருகிறவர்கள் இன்னொரு பக்கம். முதல் கூட்டம்தான் எப்போதும் பெரிது. இந்த முறை வந்த கேள்விகளில் இரண்டு பக்கமும் உண்டு. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

திருவான்மியூர் நண்பர்: அண்ணா, எங்கள் வீடு கடற்கரையிலிருந்து மூன்றாவது தெரு. வண்டி வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வாரா வாரம் வாட்டர் வாஷ் விடுகிறேன். அப்படியும் சைலன்சர், ஸ்போக்ஸ், நட்டு எல்லாம் துரு. கழுவக் கழுவத் துரு கூடுகிற மாதிரியே இருக்கிறது.

உங்கள் சந்தேகம் சரிதான் தம்பி. கடல் காற்றில் வருகிற உப்பு வண்டி மேல் படிந்து, ராத்திரி ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரம்தான் துரு. வாட்டர் வாஷில் அழுத்தமாக அடிக்கிற தண்ணீர் மேலே இருக்கிற உப்பைக் கழுவும். அதே நேரம் ஸ்போக் நிப்பிள், நட்டுக்கு அடி, சைலன்சர் கிளாம்ப், மட்கார்டு மடிப்பு என்று காற்றுப் போகாத இடங்களில் தண்ணீரைத் திணித்தும் விடும். துணியால் ஒரு இழுப்பு இழுத்து வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். நீங்களும் வீட்டுக்கு வந்து ஈரத்தோடு கவர் போட்டுவிடுவீர்கள். அப்புறம் துரு பிடிக்காமல் என்ன செய்யும்?

இன்னொன்றும் பாருங்கள். கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பையே பூசுகிறோம். வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் அதன் கழிவுத் தண்ணீரை வீணாக்க வேண்டாமென்று வண்டிக்கு எடுப்பவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் உப்பு இன்னும் அதிகம். மெட்ரோ தண்ணீர் ஒரு பக்கெட் போதும்.

வாரம் ஒரு முறை வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டிலேயே கழுவுங்கள். எஞ்சினும் சைலன்சரும் நன்றாக ஆறட்டும். முதலில் வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றி மணலை இறக்குங்கள். மணல் இருக்கும்போதே துணி போட்டுத் தேய்த்தால் பெயின்ட்டில் வட்ட வட்டமாகக் கோடு விழும். அப்புறம் ஷாம்பு. துணிப் பவுடரும் பாத்திரச் சோப்பும் வேண்டாம், அவை பாலிஷையும் சேர்த்து உரித்துவிடும். கழுவி முடித்துத் துடைத்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு பத்து நிமிஷம் ஒரு சுற்று போய் வாருங்கள். எஞ்சின் சூடும் காற்றும் சேர்ந்து, துணி எட்டாத இடத்து ஈரத்தை விரட்டிவிடும். நான் சொல்வதில் இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் போதும்.

குரோமில் ஏற்கெனவே புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால், சமையலறையில் சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேயுங்கள். பழுப்பாக ஒரு குழம்பு இறங்கும், துடைத்தால் அடியில் குரோம் தெரியும். அலுமினியம் குரோமை விட மென்மையானது, அதனால் கீறாது. கறுப்பு பெயின்ட் அடித்த சைலன்சரில் இதைச் செய்யாதீர்கள். குரோம் உப்பி உரிந்திருந்தால் அது வேறு கதை, எந்த வித்தையும் பலிக்காது. தேய்த்த இடத்தில் மெல்லிசாக வாக்ஸ் பூசுங்கள். ஸ்போக்ஸுக்கு ஒரு பனியன் துணியில் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுத் துடைத்தால் போதும். பிரேக் டிஸ்க் பக்கம் அந்தத் துணி போகவே கூடாது.

மதுரையிலிருந்து ஒருவர்: அண்ணே, வாட்டர் வாஷ் கடையில் “டீசல் அடிக்கட்டுமா?” என்று கேட்கிறார்கள். அடித்தால் எஞ்சின் புதுசு மாதிரி இருக்கிறது. நல்லதா, கெட்டதா?

இரண்டு நாளைக்கு நல்லது. மூன்றாம் நாள் மதுரைப் புழுதி முழுக்க அதில் ஒட்டிக்கொள்ளும். டீசல் பட்டால் ரப்பர் ஊறி இளகும். எஞ்சின் மவுன்ட் புஷ், வயர் போகிற ரப்பர் வளையம், பெட்ரோல் டியூப் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். அதைவிட முக்கியம், அந்த ஸ்பிரே எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. டிஸ்க்கில் ஒரு படலம் பட்டால் கடைக்கு வெளியே முதல் சிக்னலிலேயே தெரிந்துவிடும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொல்லும்போதே இன்னொன்றும் சொல்லுங்கள்: சக்கரத்து பேரிங், ஃபோர்க் சீல், சாவி போடுகிற இடம், ஹேண்டில்பார் சுவிட்ச், சைலன்சர் வாய், இவற்றுக்கு நேராகப் பக்கத்தில் வைத்துத் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று. பேரிங்குக்குள் ஏறிய தண்ணீர் கிரீஸைக் கழுவிவிடும். ஆறு மாதம் கழித்து “ஊங்…” என்று சத்தம் வரும்போது யாருக்கும் காரணம் தெரியாது.

கும்பகோணத்திலிருந்து ஒருவர்: சார், வேலைக்காகத் துபாய் போகிறேன், திரும்ப எட்டு மாதம் ஆகும். 2022-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து அஞ்சு நிமிஷம் ஓட விடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

முதலில் அப்பாவுக்குக் கொடுத்த அந்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் எல்லோரும் செய்வது இதுதான், ஆனால் கெடுதலே அதிகம். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் ஆவியாக உண்டாகும். எஞ்சின் முழுச் சூடு ஏறும் வரை அந்த ஆவி குளிர்ந்த சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் தண்ணீராக இறங்கும். ஐந்து நிமிஷத்தில் அணைத்தால் அது அங்கேயே கிடக்கும். வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைக்கிற கணக்குதான். செல்ஃப் அடிக்க எடுத்த கரன்ட்டைக்கூட ஐடிலிங்கில் பேட்டரி சரியாகத் திரும்பப் பெறாது. அப்பாவோ வேறு யாராவதோ பத்து நாளுக்கு ஒரு முறை இருபது, முப்பது நிமிஷம் ரோட்டில் ஓட்டினால் மிக நல்லது. முடியாதென்றால் தொடவே வேண்டாம், தூங்கட்டும்.

தூங்க வைப்பதற்கும் முறை இருக்கிறது. கிளம்புகிற வாரம் ஆயில், ஃபில்டர் மாற்றிவிடுங்கள். “வந்து மாற்றிக்கொள்கிறேனே” என்பார்கள்; பழைய ஆயிலில் சேர்ந்திருக்கும் அமிலமும் ஈரமும் எட்டு மாதம் பேரிங்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. டேங்க்கை நிரப்பி வையுங்கள். பாதி காலியாக இருந்தால் உள்ளே காற்று; காற்றில் ஈரம்; டேங்க் உட்சுவர் துரு. உங்களுடையது இன்ஜெக்‌ஷன் வண்டி, பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருப்பதால் இது இன்னும் முக்கியம்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். மைனஸ் வயர் முதலில், பிளஸ் அப்புறம், மாட்டும்போது தலைகீழ். பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால் பொறி பறக்கும். 2021-க்குப் பிறகு வந்த கிளாசிக்கில் கிக்கரே கிடையாது, பேட்டரி செத்தால் தள்ளிப் பார்க்கலாம், இல்லை ஆளைக் கூப்பிடலாம், அவ்வளவுதான். மாதம் ஒரு முறை சின்ன சார்ஜரில் போடச் சொல்லுங்கள். 8 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு 1 ஆம்பியர் சார்ஜர் போதும். ஆட்டோ, லாரி பேட்டரி ஏற்றுகிற கடைச் சார்ஜரில் போட்டு அவிக்க வேண்டாம். சும்மா இருக்கும் பேட்டரியை மீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைவு, 12.4-க்குக் கீழே போனால் ஏற்ற வேண்டும்.

சென்டர் ஸ்டாண்டில் போட்டு டயர் காற்றைச் சரியாக வைத்து, சைலன்சர் வாயில் பிளாஸ்டிக் பையைக் கட்டுங்கள். குளவி கூடு கட்ட அதைவிடத் தோதான பொந்து கிடைக்காது. பை கட்டியிருப்பதை ஒரு சீட்டில் எழுதி சாவியோடு மாட்டுங்கள். மேலே துணிக் கவர்தான், பிளாஸ்டிக் தார்ப்பாய் கூடாது. அடியில் வியர்த்துக்கொண்டே இருக்கும்.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அண்ணா, செயினிலிருந்து சர சர என்று சத்தம். பக்கத்து வீட்டு மாமா கிரீஸ் தடவச் சொல்கிறார். தடவலாமா?

மாமாவின் அக்கறைக்கு நன்றி சொல்லுங்கள், கிரீஸ் டப்பாவை மூடி வைக்கச் சொல்லுங்கள். திறந்த செயினில் கிரீஸ் பூசினால் மணல் ஒட்டி, உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற மாதிரி ஸ்பிராக்கெட்டின், அதாவது செயின் ஓடுகிற பல் சக்கரத்தின், பல்லைத் தின்றுவிடும்.

ஆரம்பிக்கும் முன் எஞ்சினை அணைத்து சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, துணியைச் செயினில் பிடிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். துணி சிக்கினால் விரல் ஸ்பிராக்கெட்டுக்குள் போய்விடும், பிறகு திரும்பாது. இதில் சமாதானமே கிடையாது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

மண்ணெண்ணெயோ செயின் கிளீனரோ எடுத்து, பழைய டூத்பிரஷால் லிங்க் இடுக்குகளைத் தேயுங்கள். பெட்ரோல் வேண்டாம்; தீ பயம் ஒரு பக்கம், லிங்குகளுக்கு நடுவே ஓ-ரிங் இருந்தால் அந்த ரப்பர் காய்ந்துவிடும். கம்பி பிரஷும் ஓ-ரிங்கை அறுக்கும். நன்றாகத் துடைத்த பிறகு லூப்பைச் செயினின் உள் பக்கத்தில், ஸ்பிராக்கெட்டைத் தொடுகிற பக்கத்தில் விடுங்கள். ஓடும்போது அது தானாக வெளியே பரவும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, இளஞ்சூட்டில் இதைச் செய்து ராத்திரி விட்டுவிட்டால் காலையில் டயரில் தெறிக்காது. 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை. மழையில் நனைந்தால் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே.

தொய்வும் பாருங்கள். கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலே கீழே தள்ளினால் பல வண்டிகளில் 25 முதல் 35 மில்லிமீட்டர் ஆட வேண்டும். உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். பின் ஸ்பிராக்கெட்டின் கடைசியில் செயினைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் லூப் எல்லாம் வீண், செட்டாக மாற்ற வேண்டியதுதான்.

வேளச்சேரியிலிருந்து ஒருவர்: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டி சீட் வரை முழுகியது. தண்ணீர் வடிந்ததும் செல்ஃப் அடித்தேன், டக்கென்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது. எஞ்சினையே பிரிக்க வேண்டியதாயிற்று. இந்த வருஷம் அப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும்?

அந்த “டக்” சிலிண்டருக்குள் இருந்த தண்ணீர். காற்றையும் பெட்ரோலையும் பிஸ்டன் அமுக்க முடியும், தண்ணீரை அமுக்க முடியாது. செல்ஃப் மோட்டார் விடாமல் தள்ளும், கனெக்டிங் ராட் வளையும். ஏர் ஃபில்டர் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிய வண்டியில் சாவியே போடக் கூடாது.

தண்ணீர்க் கோடு தெரிகிற மாதிரி முதலில் போட்டோ எடுங்கள். பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோதான் மெக்கானிக்கிடம் போக வேண்டும். அங்கே பிளக்கைக் கழற்றி, கிக்கரையோ டாப் கியரில் பின் சக்கரத்தையோ மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுவார்கள். ஆயில் பால் கலந்த நிறத்தில் இறங்கினால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. புது ஆயில் ஊற்றிச் சில நிமிஷம் ஓட்டி, அதையும் இறக்கி, மறுபடி ஊற்ற வேண்டும். ஒரு தடவையில் தீராது. டேங்க்கையும் காலி செய்ய வேண்டும். பெட்ரோலை விடத் தண்ணீர் கனம், அடியில் தங்கும். பிரேக் டிரம்மில் சேறு, பேரிங்கில் சேறு, இதெல்லாம் உடனே பார்க்கிற வேலை.

தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது, சொந்தச் சேத பாலிசி வேண்டும். அது இருந்தும், நனைந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து கெடுத்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரிக்க இடம் இருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து ஒருவர்: அண்ணாச்சி, எங்க அப்பா காலத்து ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கேன். மாசத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பேன். இப்ப வர்ற இ20 பெட்ரோல் ஆகுமா?

வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தால் இத்தனை தொல்லை இல்லை, நிறுத்தி வைத்தால்தான். இ20 என்றால் இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்; எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஒரு அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் இரண்டும் கலந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க் அடியில் இறங்கிவிடும். பழைய இரும்பு டேங்க்குக்கு அது விஷம். நிறுத்தும்போதெல்லாம் டேங்க் டேப்பை மூடிவிட்டு, வண்டி தானாக அணையும் வரை ஓட விட்டு கார்பரேட்டரைக் காலி செய்யுங்கள். மிச்சத்தை அடி ஸ்குரூவைத் திறந்து வடித்துவிடுங்கள். அந்தக் காலத்துப் பெட்ரோல் டியூபையும் மிதவை ரப்பர்களையும் எத்தனால் தாங்குகிற புதியவற்றுக்கு மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை என்பதை இரண்டு தடவையாக ஆக்குங்கள் அண்ணாச்சி, அந்தச் சத்தத்துக்குத் தெருவில் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பெயர் வேண்டாம் என்று ஒருவர்: ஆயுத பூஜைக்கு மேட் பெயின்ட் டேங்க்கில் வைத்த சந்தனமும் குங்குமமும் கறையாக நின்றுவிட்டது. பாலிஷ் போட்டால் போகுமா?

போடாதீர்கள்! மேட் பெயின்ட்டில் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் வழவழப்பாகி, கறையை விட அசிங்கமாக நிற்கும். ஷாம்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டு ஊற வைத்து ஒற்றி எடுங்கள். இந்த வருஷம் பொட்டை ஹெட்லைட் கண்ணாடியிலோ நம்பர் பிளேட் ஓரத்திலோ வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. சக்கரத்தில் நசுக்கிய எலுமிச்சைச் சாறு ரிம்மில் தெறித்திருந்தால் அன்றைக்கே கழுவிவிடுங்கள், அது அமிலம்.

சேலத்திலிருந்து ஒருவர்: காருக்கு வாங்கிய சிந்தெட்டிக் ஆயில் ஒரு லிட்டர் மீதி இருக்கிறது. விலை அதிகமான ஆயில். பைக்கில் ஊற்றலாமா?

கூடாது. பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கிற சரக்கு சேர்த்திருப்பார்கள். கிளட்ச் பிடிப்பதே உராய்வில்தான். ஏற்காடு ஏறும்போது எஞ்சின் அலறும், வண்டி நகராது. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஆயிலில் மூழ்கிய கிளட்ச்சுக்கு ஏற்றது என்கிற தரக் குறி) என்று போட்டிருக்கிறதா, கையேட்டில் சொன்ன கிரேடா என்று மட்டும் பாருங்கள். மீந்த ஒரு லிட்டரைக் காருக்கே வைத்துக்கொள்ளுங்கள், கிளட்ச் பிளேட் செட் அதை விட விலை கூடுதல்.